கண்ணாடி உறைகிறதா, டைம்-அவுட் ஆகிறதா?

கண்ணாடியைப் பற்றி இணையத்தில் இரண்டு கதைகள் சுற்றிக்கொண்டே இருக்கின்றன. முதல் கதை பழசு. கண்ணாடி உண்மையில் ஒரு திரவம், மிக மிக மெதுவாக வழிகிறது, அதனால்தான் ஐரோப்பாவின் பழைய தேவாலய ஜன்னல்களில் கண்ணாடி அடிப்பக்கம் தடிமனாக இருக்கிறது என்பது. இரண்டாவது கதை அதற்கு மறுப்பு. அதெல்லாம் கட்டுக்கதை, கண்ணாடி ஒரு திடப்பொருள், படிக ஒழுங்கு மட்டும் கிடையாது, அவ்வளவுதான் என்பது.

முதல் கதை தவறு என்பதில் சந்தேகம் இல்லை. அந்தக் காலத்தில் ஜன்னல் கண்ணாடியை ஊதி, வேகமாகச் சுழற்றி, வட்டத் தகடாக விரித்து, அதிலிருந்து துண்டு துண்டாக வெட்டி எடுத்தார்கள். தகடு எல்லா இடத்திலும் ஒரே தடிமனில் வராது. தடித்த பக்கத்தைக் கீழே வைத்துப் பொருத்தியிருந்தால், இன்றைக்கும் அது கீழேதான் தடிமனாக இருக்கும்.

எனக்கு வருத்தம் இரண்டாவது கதையின் மேல்தான். அதைப் படிப்பவர் "சரி, விஷயம் முடிந்தது" என்று அடுத்த பக்கத்துக்குப் போய்விடுகிறார். திரவம் எப்படித் திடமாகிறது என்ற கேள்வி அப்படியே கிடக்கிறது. அந்தக் கேள்விக்குள் போனவர்கள் எழுதியதைப் படித்தால் இன்னொரு சிக்கல். ஒரு வளைகோட்டைப் போட்டு, அதை அளவீடுகள் இல்லாத இடம் வரைக்கும் இழுத்து, அங்கே ஒரு புதிய பொருள்நிலை இருப்பதாகச் சொல்கிறார்கள். நான் இயற்பியல் ஆய்வாளன் இல்லை, பி.இ. முடித்துவிட்டு மென்பொருள் எழுதிப் பிழைப்பவன். ஆனால் வரைபடத்தில் கோட்டை நீட்டி முடிவெடுப்பது எங்கள் தொழிலிலும் அன்றாட வேலை. அதனால் இந்தக் கட்டுரையில் அந்த வளைகோட்டைத்தான் விமர்சிக்கப் போகிறேன்.

மறுப்பிலேயே 16 சுழியங்கள்

முதலில் மறுப்புக் கதையின் எண்களைப் பார்ப்போம். பிரேசிலைச் சேர்ந்த எட்கர் சனோட்டோ 1998-இல் அமெரிக்கன் ஜர்னல் ஆஃப் ஃபிசிக்ஸ் இதழில் ஒரு கணக்குப் போட்டார். அறை வெப்பநிலையில் தேவாலயக் கண்ணாடி கண்ணுக்குத் தெரிகிற அளவுக்கு வழிய பிரபஞ்சத்தின் வயதைவிட அதிகக் காலம் ஆகும் என்று காட்டினார். சரியான முடிவுதான்.

பிறகு 2018-இல் இன்னொரு ஆய்வு வந்தது. லண்டன் வெஸ்ட்மின்ஸ்டர் அபேயின் கண்ணாடியைப் போன்ற கலவையை எடுத்துக்கொண்டு, குறைந்த வெப்பநிலையில் பாகுத்தன்மை எவ்வளவு என்று கணித்தார்கள். 100 கோடி ஆண்டுகளில் அந்தக் கண்ணாடி அதிகபட்சம் ஒரு நானோமீட்டர் வழியும் என்று வந்தது. தேவாலயக் கதை மறுபடியும் தோற்றது. ஆனால் அதே ஆய்வில் இன்னொரு எண் இருந்தது. புதிதாகக் கிடைத்த அறை வெப்பநிலைப் பாகுத்தன்மை, சோடா-சுண்ணாம்புக் கண்ணாடிக்கு முன்பு சொல்லப்பட்ட மதிப்பைவிட ஏறத்தாழ 16 அடுக்கு குறைவு. அதாவது ஒன்றுக்குப் பின்னால் 16 சுழியம் போட்ட மடங்கு!

கலவை வேறு, முறை வேறு என்பது உண்மை. இருந்தாலும், உயர்ந்த வெப்பநிலையில் அளந்ததை வைத்துக் கோட்டைக் கீழே இழுத்தால் எவ்வளவு தூரம் வழி தவறலாம் என்பதற்கு இதைவிட நல்ல எச்சரிக்கை கிடையாது. இந்த எண்ணை மனதில் வைத்துக்கொண்டு மேலே படியுங்கள்.

புதிர் எங்கே இருக்கிறது?

தண்ணீர் ஐஸ் ஆவதில் ஒரு தெளிவு உண்டு. பூஜ்யம் டிகிரியில் மூலக்கூறுகள் வரிசையில் நிற்கின்றன. எக்ஸ்-கதிரைச் செலுத்திப் பார்த்தால் திரவத்துக்கும் படிகத்துக்கும் வித்தியாசம் பளிச்சென்று தெரியும்.

கண்ணாடி அப்படி இல்லை. நம் ஊர்ச் சமையலறையிலேயே இதைப் பார்க்கலாம். சர்க்கரையை உருக்கிப் படிகமாக விடாமல் ஆற வைத்தால், முதலில் பாகு, பிறகு கம்பி, பிறகு டக்கென்று உடைகிற பதம். பஞ்சு மிட்டாயின் நூல் ஒவ்வொன்றும் கண்ணாடிதான். பாகுத்தன்மை என்ற நம் சொல்லே பாகிலிருந்து வந்ததுதானே. அந்தப் பாகு இறுகும்போது "இதோ இந்த நொடியில் திடமானது" என்று எதையும் சுட்டிக்காட்ட முடியாது.

எண்களில் சொன்னால், அறை வெப்பநிலைத் தண்ணீரின் பாகுத்தன்மை ஏறத்தாழ 10⁻³ பாஸ்கல்-விநாடி. கிளிசரின் அதைவிட ஆயிரம் மடங்கு கெட்டி, சுமார் 1. அதே கிளிசரினைப் படிகமாக விடாமல் 190 கெல்வினுக்கு, அதாவது மைனஸ் 83 டிகிரி செல்சியஸுக்குக் குளிர்வித்தால் 10¹² ஆகிவிடும். வெப்பநிலை மூன்றில் ஒரு பங்குக்குச் சற்று அதிகமாகத்தான் குறைந்திருக்கிறது. அதற்குள் பாகுத்தன்மை லட்சம் கோடி மடங்கு ஏறிவிட்டது. ஆனால் எக்ஸ்-கதிர் அல்லது நியூட்ரான் சிதறல் படத்தை எடுத்துப் பார்த்தால், திரவத்தின் படமும் கண்ணாடியின் படமும் கிட்டத்தட்ட ஒன்றுபோலவே இருக்கும். மூலக்கூறுகள் நிற்கிற விதத்தில் பெரிய மாற்றம் இல்லை. அவை நகர எடுத்துக்கொள்ளும் நேரம்தான் தலைகீழாக மாறியிருக்கிறது.

புதிர் இதுதான்: அமைப்பு மாறாமல் இயக்கம் மட்டும் ஏன் இப்படி நின்றுபோகிறது?

100 விநாடி என்ற ஒப்பந்தம்

பாடப்புத்தகங்களில் "கண்ணாடி மாற்ற வெப்பநிலை" என்று ஒன்றைக் கொடுத்திருப்பார்கள். கிளிசரினுக்கு 190 கெல்வின், சிலிக்காவுக்கு ஏறத்தாழ 1,475 கெல்வின், ஜன்னல் கண்ணாடிக்கு 550 டிகிரி செல்சியஸ் பக்கம். பார்த்தால் கொதிநிலை, உருகுநிலை போல இயற்கை வைத்த எண் என்று தோன்றும்.

இல்லை. பாகுத்தன்மை 10¹² பாஸ்கல்-விநாடியைத் தொடும் வெப்பநிலைக்கு அந்தப் பெயர் என்று மனிதர்கள் செய்துகொண்ட ஒப்பந்தம் அது. அந்த இடத்தில் திரவம் தன்னைத்தானே சீரமைத்துக்கொள்ள ஏறத்தாழ 100 விநாடி ஆகும். 100 விநாடி என்பது ஆய்வகத்தில் ஒருவர் பொறுமையாகக் காத்திருக்கும் நேரம், அவ்வளவுதான். இன்னும் நிதானமாகக் குளிர்வித்தால் மாற்ற வெப்பநிலை கீழே நகரும். குளிர்விக்கும் வேகத்தைப் பத்தில் ஒன்றாக்கினால் பொதுவாக மூன்று முதல் ஐந்து டிகிரி வரை குறையும். தண்ணீரின் உறைநிலை உங்கள் பொறுமையைப் பொறுத்து மாறாது. இது மாறும்.

மென்பொருள்காரர்களுக்கு இது நன்றாகப் பழக்கமான விஷயம். ஒரு சர்வருக்குக் கோரிக்கை அனுப்புகிறோம், 30 விநாடியில் பதில் வரவில்லை, டைம்-அவுட் என்று திரையில் வருகிறது. இதிலிருந்து என்ன தெரிகிறது? சர்வர் டெட்லாக்கில் மாட்டி நிரந்தரமாக நின்றிருக்கலாம். அல்லது மெதுவாக வேலை செய்துகொண்டிருக்கலாம், 40-வது விநாடியில் பதில் வந்திருக்கும். டைம்-அவுட் செய்தி இந்த இரண்டையும் பிரித்துச் சொல்லாது.

கண்ணாடி மாற்ற வெப்பநிலை அப்படி ஒரு டைம்-அவுட். அதற்குக் கீழே உண்மையான டெட்லாக் ஒன்று, அதாவது முடிவிலி காலம் காத்திருந்தாலும் திரவம் நகராத ஒரு வெப்பநிலை, ஒளிந்திருக்கிறதா? இந்தத் துறையின் பெரிய சண்டை அதைப் பற்றித்தான்.

சந்தேகத்துக்குரிய வளைகோடு

டெட்லாக் இருக்கிறது என்பவர்களின் முதல் சாட்சி ஒரு சமன்பாடு. 1920-களில் வோகல், ஃபுல்கர், தம்மன் ஆகியோர் தனித்தனியாக வந்தடைந்தது. எளிய திரவங்களில் பாகுத்தன்மையின் மடக்கை, வெப்பநிலையின் தலைகீழுக்கு நேர்விகிதத்தில் ஏறும். சிலிக்கா கிட்டத்தட்ட இப்படித்தான் நடந்துகொள்கிறது. ஆனால் ஆர்த்தோ-டெர்ஃபினைல் போன்ற கரிமத் திரவங்களில் ஏற்றம் போகப்போகச் செங்குத்தாகிறது. முதல் வகையை "வலுவான" திரவம் என்றும், இரண்டாவதை "நொய்ந்த" திரவம் என்றும் ஆஸ்டின் ஏஞ்சல் பெயரிட்டார்.

நொய்ந்த திரவங்களின் வளைவைப் பிடிக்க வோகல் சமன்பாடு ஒரு சின்ன வேலை செய்கிறது. வகுக்கும் இடத்தில் வெப்பநிலைக்குப் பதிலாக, "வெப்பநிலை கழித்தல் ஒரு மாறிலி" என்று போடுகிறது. பொருத்தம் அழகாக வருகிறது. ஆனால் அந்த மாறிலியின் மதிப்புக்கு வெப்பநிலை இறங்கினால் வகுக்கும் எண் பூஜ்யம், பாகுத்தன்மை முடிவிலி. அதை இங்கே பூட்டு வெப்பநிலை என்று வைத்துக்கொள்வோம். நொய்ந்த திரவங்களில் அது மாற்ற வெப்பநிலைக்குச் சில பத்து டிகிரி கீழே விழுகிறது. யாரும் அங்கே போய் அளந்ததில்லை, போகவும் முடியாது. 100 விநாடிக்கு அப்பால் ஒவ்வொரு டிகிரிக்கும் நாள், வருடம், நூற்றாண்டு என்று காத்திருக்க வேண்டிவரும்.

மூன்று திருகுகள் உள்ள ஒரு சமன்பாடு பொருந்துகிறது என்பதற்காக, அதன் முடிவிலியும் உண்மை என்று நம்பலாமா? இதை ஒரு தாளில் நீங்களே சோதித்துப் பார்க்கலாம்.

டேவிட் சாண்ட்லரும் ஹுவான் காரஹனும் முன்வைத்த வேறொரு கோட்பாட்டில் பூட்டு வெப்பநிலையே கிடையாது. அங்கே நேரத்தின் மடக்கை, தலைகீழ் வெப்பநிலையில் ஒரு சாதாரணப் பரவளையம். எவ்வளவு குளிர்வித்தாலும் நேரம் நீளும், முடிவிலி ஆகாது. இப்போது மாற்ற வெப்பநிலையை 1 என்று வைத்து, மந்தம் 1.3-இல் தொடங்குகிறது என்று கொள்வோம். தொடக்கத்திலிருந்து 1 வரை நேரம் 14 அடுக்கு ஏறட்டும். தலைகீழ் வெப்பநிலை அச்சில் இந்தப் பாதையின் குளிர்ந்த பாதியை மட்டும் எடுங்கள். பரவளையம் என்பதால் அந்தப் பாதியின் முடிவில் சாய்வு, அதன் தொடக்கத்தில் இருந்ததைப் போலச் சரியாக இரண்டு மடங்கு. இதே இரண்டு மடங்கை வோகல் சமன்பாட்டிலிருந்து வரவைக்க, பூட்டு வெப்பநிலை எவ்வளவு இருக்க வேண்டும்? ஒரு வர்க்கமூலம் போட்டால் விடை வந்துவிடும்: 0.78.

மாற்ற வெப்பநிலை 250 கெல்வின் என்றால் பூட்டு 195 கெல்வினில். அந்தக் குளிர்ந்த பாதியில் பரவளையம் 10.5 அடுக்கு ஏறுகிறது, அதே இறுதிச் சாய்வுள்ள வோகல் கோடு 9.9 அடுக்கு. இன்னொரு திருகைத் திருகினால் அந்த இடைவெளியும் அடைபடும். அளவீட்டுப் பிழையோடு சேர்த்துப் பார்த்தால் இரண்டையும் பிரிப்பது கஷ்டம். பூட்டே இல்லாத ஒரு கோட்டிலிருந்து நம்பும்படியான ஒரு பூட்டு வெப்பநிலை கிடைத்துவிட்டது பாருங்கள்.

இது என் விளையாட்டுக் கணக்கு. தொழில்முறையாளர்கள் இதை உண்மையான தரவுகளில் செய்திருக்கிறார்கள். டென்மார்க்கின் ரோஸ்கில்ட பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஹெக்ஷர், டூரே உள்ளிட்ட நால்வர் 2008-இல் நேச்சர் ஃபிசிக்ஸ் இதழில் 42 திரவங்களின் தரவுகளைப் பரிசோதித்தார்கள். முடிவிலி உண்டு என்பதற்கு வலுவான ஆதாரம் இல்லை என்பது அவர்கள் முடிவு. முடிவிலி இல்லாத சமன்பாடுகளும் அதே அளவு நன்றாகப் பொருந்தின.

காஸ்மன் சொன்னதும் சொல்லாததும்

இரண்டாவது சாட்சி கொஞ்சம் கனமானது. 1948-இல் வால்டர் காஸ்மன் ஒரு விசித்திரத்தைக் கவனித்தார். மீக்குளிர்ந்த திரவத்தின் என்ட்ரோபி, படிகத்தின் என்ட்ரோபியைவிட வேகமாகக் குறைகிறது. கோட்டைக் கீழே நீட்டினால் ஒரு வெப்பநிலையில் இரண்டும் சமமாகிவிடும். இன்னும் கீழே போனால் ஒழுங்கற்ற திரவத்துக்கு, ஒழுங்கான படிகத்தைவிட என்ட்ரோபி குறைவு என்றாகும். இந்த அபத்தத்தைத் தவிர்க்க, அதற்கு முன்பே ஏதோ ஒரு மாற்றம் நடந்தாக வேண்டும் என்பது வாதம். பல திரவங்களில் இந்தக் காஸ்மன் வெப்பநிலை, வோகல் சமன்பாட்டின் பூட்டு வெப்பநிலைக்குப் பக்கத்தில் விழுகிறது. 1965-இல் ஆடமும் கிப்ஸும் இரண்டையும் இணைத்து ஒரு கோட்பாடே கொடுத்தார்கள். ஓரளவு என்ட்ரோபி மிச்சம் இருந்தால்தான் மூலக்கூறுகள் இடம் மாற வழி இருக்கும், அது தீர்ந்தால் நகரவே முடியாது என்பது அதன் சாரம்.

இரண்டு தனித்தனி அளவீடுகள் ஒரே இடத்தைக் காட்டினால் அதை லேசாக ஒதுக்க முடியாது, நானும் ஒதுக்கவில்லை. ஆனால் மூன்று விஷயங்களைச் சொல்ல வேண்டும். ஒன்று, இதுவும் நீட்டப்பட்ட கோடுதான். இரண்டு, திரவத்தின் என்ட்ரோபி படிகத்தைவிடக் குறையவே கூடாது என்று எந்த விதியும் இல்லை. ஹீலியம்-3, 0.3 கெல்வினுக்குக் கீழே அப்படித்தான் இருக்கிறது. அங்கே திடத்துக்குத்தான் அதிக என்ட்ரோபி. மூன்று, காஸ்மனே டெட்லாக் மாற்றத்தை முன்மொழியவில்லை. அந்த இடத்தை அடையும் முன் திரவம் படிகமாகிவிடும் என்றுதான் அவர் நினைத்தார். அவர் பெயரால் அழைக்கப்படும் மாற்றத்தில் அவருக்கே நம்பிக்கை இருக்கவில்லை. பொதுவாசகருக்கு எழுதுகிறவர்கள் இதை ஏனோ விட்டுவிடுகிறார்கள்.

காத்திருக்காமல் காத்திருக்கும் வழிகள்

நியாயமாகப் பார்த்தால், முடிவிலி இல்லை என்பவர்களின் பரவளையமும் நீட்டப்பட்ட கோடுதான். கோட்டை வைத்துக் கோட்டை மறுக்க முடியாது. புதிய தரவு வேண்டும். கடந்த இருபது ஆண்டுகளில் மூன்று வழிகளில் அது வந்தது.

முதல் வழி, இயற்கையே காத்திருந்த பொருளை எடுப்பது. டெக்சாஸ் டெக் பல்கலைக்கழகத்தில் கிரெகரி மெக்கென்னாவின் குழு 2013-இல் டொமினிக்கன் குடியரசின் அம்பரை, 2 கோடி ஆண்டுகள் பழமையான மரப்பிசினை, எடுத்துச் சோதித்தது. அத்தனை ஆண்டுகளில் அது தன் மாற்ற வெப்பநிலைக்குச் சுமார் 40 டிகிரி கீழே உரிய நிலைவரை இறுகியிருந்தது. இங்கே அவர்கள் செய்த தர்க்கம் எனக்கு மிகவும் பிடித்தது. அளக்கும் வெப்பநிலைக்கு உரியதைவிட அம்பர் கூடுதலாக இறுகியிருக்கிறது. எனவே அதில் அளக்கும் சீரமைப்பு நேரம் உண்மையான நேரத்தைவிட அதிகமாகத்தான் இருக்கும். அந்த மேல்வரம்பே வோகல் சமன்பாடு சொன்ன நேரத்துக்குக் கீழே இருந்தது. கீழே போகப்போக ஏற்றம் தணிகிறது, முடிவிலியை நோக்கிப் பாயவில்லை.

இரண்டாவது வழி, திரவத்தைக் குளிர்விக்காமல் கண்ணாடியை அடுக்கு அடுக்காகக் கட்டுவது. விஸ்கான்சின்-மேடிசனில் மார்க் எடிகரின் குழு 2007-இல், மாற்ற வெப்பநிலையைப் போல 0.85 மடங்கில் வைத்த தளத்தின் மீது ஆவியைப் படியவைத்தது. மேற்பரப்பில் இருக்கும் மூலக்கூறுகளுக்கு நகர இடம் உண்டு. அவை நல்ல இடம் தேடி உட்கார்ந்த பிறகு அடுத்த அடுக்கு வருகிறது. திரவத்தைக் குளிர்வித்து எட்ட ஆயிரக்கணக்கான ஆண்டுகள் ஆகக்கூடிய இறுக்கம், சில மணி நேரத்தில் கிடைத்தது.

மூன்றாவது வழி கணினியில். துகள்களை நகர்த்துவதோடு நிற்காமல், வேறுவேறு அளவுள்ள இரண்டு துகள்களை இடம் மாற்றியும் விடுவது. இயற்கையில் இப்படி நடக்காது, ஆனால் சமநிலையை எட்ட இது சட்டப்படி சரியான குறுக்குவழி. லுடோவிக் பெர்த்தியேயும் கூட்டாளிகளும் 2017-இல் இதைக் கொண்டு ஆய்வகம் எட்டாத குளிர்நிலைக்குப் போனார்கள். அங்கே என்ட்ரோபி சீராகக் குறைந்துகொண்டே வந்தது, அதாவது முப்பரிமாணத்தில் காஸ்மன் மாற்றத்துக்கு இடம் கொடுக்கும் வகையில். உடனே மத்தியூ வயாரும் மைக்கேல் கேட்ஸும் எதிர்க்கேள்வி கேட்டார்கள். இடமாற்ற விதியைச் சேர்த்ததும் அதே திரவம் இவ்வளவு வேகமாக ஓடுகிறது. என்ட்ரோபியோ மாறவில்லை. அப்படியானால் மந்தத்துக்குக் காரணம் என்ட்ரோபிதான் என்று எப்படிச் சொல்வது?

மென்பொருள் மொழியில் சொன்னால், டேட்டா அப்படியே இருக்கும்போது அல்காரிதத்தை மாற்றியதும் வேலை முடிந்துவிட்டதென்றால், தாமதத்துக்குக் காரணம் டேட்டாவில் இல்லை. இந்த வாதம் எனக்கு வலுவாகப் படுகிறது. எதிர்த்தரப்பு இன்னும் விட்டுக்கொடுக்கவில்லை.

பரிசு ஒன்று, விடை இன்னொன்று

2021-இல் ஜார்ஜோ பாரிசிக்கு இயற்பியல் நோபல் பரிசில் பாதி கிடைத்தபோது, கண்ணாடிப் புதிர் விடுபட்டது என்ற தொனியில் சில கட்டுரைகளைப் பார்த்தேன். பாரிசி 1979-இல் விடுவித்தது ஸ்பின் கண்ணாடி எனப்படும் காந்த அமைப்பின் ஒரு மாதிரியை. அந்தக் கணிதம் பிறகு ஜன்னல் கண்ணாடி வகைப் பிரச்சினைக்கும் நீட்டிக்கப்பட்டு, 2014 வாக்கில் துல்லியமான தீர்வும் கிடைத்தது. ஆனால் அது பரிமாணங்களின் எண்ணிக்கை முடிவிலியாகும்போது. நாம் இருப்பது மூன்றில். முடிவிலிப் பரிமாணத்தில் தெளிவாக இருக்கும் மாற்றம், மூன்றில் உயிரோடு இருக்குமா, மங்கிப்போகுமா என்பதுதான் இன்றைய சண்டையே. பாரிசியின் சாதனையை இது ஒரு துளியும் குறைக்காது. கட்டுரை எழுதியவர்களின் அவசரத்தைத்தான் குறை சொல்கிறேன்.

என் முடிவைச் சொல்லிவிடுகிறேன். பூட்டு வெப்பநிலை இல்லை என்று நிரூபணம் ஆகவில்லை. ஆனால் அதற்கு முதல் சாட்சியாகக் கொண்டுவரப்படும் வோகல் வளைகோடு சாட்சியே இல்லை. அது தரவைச் சுருக்கமாக எழுத உதவும் ஒரு நல்ல சூத்திரம், அந்த அளவில் பயன்படுத்தலாம். என்ட்ரோபி வாதத்தைத் தனியாக எடைபோடலாம். அம்பர், ஆவிப்படிவு, இடமாற்றக் கணிப்பு மூன்றும் அந்த எடையை அடுத்த சில ஆண்டுகளில் ஒரு பக்கம் சாய்க்கக்கூடும்.

கண்ணாடியைப் பற்றி அடுத்து ஒரு வரைபடத்தைப் பார்த்தால், அளவீட்டுப் புள்ளிகள் எந்த இடத்தில் முடிகின்றன என்று முதலில் தேடுங்கள். கோடு அதற்கு மேலும் ஓடிக்கொண்டிருந்தால், மீதியை அந்த 16 சுழியங்களை நினைத்துக்கொண்டு படியுங்கள்.